இருபத்திரண்டு அரை மாத்திரைகள்

மேற்கு வர்ஜீனியாவின் மலைகளில் மனிதர்கள் வலியே தெரியாமல் செத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. பல் பிடுங்கிக்கொண்டவனுக்கு அறுபது அபினி வகை வலி மாத்திரை, சுரங்கத்தில் முதுகு பிடித்துக்கொண்டவனுக்கு நூற்றிருபது, முதுகு பிடித்தவனுக்குத் துணையாக வந்தவன் கேட்டால் அவனுக்கும் ஒரு முப்பது என்று மருத்துவர்கள் வாரி வழங்கினார்கள். கேட்லின் ஃபோர்க் என்னும் ஊரில் நானூறு பேர்தாம் இருந்தார்கள். எனினும் அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தின் வேலியை ஐந்தாண்டுகளுக்குள் இருமுறை தள்ளிப்போட வேண்டியதாயிற்று. பின்னர் அரசு விழித்துக்கொண்டது. விழித்த அரசு முதலில் செய்வது ஒரு வாரியம் அமைப்பது. அவ்வாறே ‘வலி விவேக வாரியம்’ அமைந்தது. இனி எவரும் வலி தெரியாமல் சாகக் கூடாது என்பதில் அவ்வாரியம் மிகுந்த உறுதியோடு இருந்தது.

இவ்வாரியத்தின் வருகையை மனமார வரவேற்றவர்களுள் டெல்பர்ட் கின்கேடும் ஒருவர். முப்பத்து நான்கு ஆண்டுகள் நிலக்கரி வெட்டியவர். வெடிச் சத்தத்தில் செவிப்புலனில் பாதியை இழந்தவர். ‘நடக்காதீர்’ என்று எழுதிய புல்லின்மேல் எழுபத்து மூன்று வயது வரை கால் வைத்தறியாதவர். அவருடைய மைத்துனன் மகன் டேரல், அந்த மாத்திரைகளாலேயே இருபத்தாறாம் வயதில் குளியலறைத் தரையில் கிடந்து மாண்டவன். ஆகையால் மாத்திரைகளை யாரேனும் கட்டிக் காக்க வேண்டும் என்பதில் டெல்பர்ட்டுக்கு ஐயமே இருந்ததில்லை.

அந்தக் காவல் தம் வீட்டு வாசலுக்கு வந்தபோதுதான் அவர் குழம்பத் தொடங்கினார்.

அவருடைய மனைவி நெல்டாவுக்கு மார்பில் தொடங்கிய புற்று முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் பரவியிருந்தது. குணப்படுத்துவதற்கு ஒன்றுமில்லை என்று பெரிய மருத்துவமனையில் கூறி அனுப்பிவிட்டார்கள். நெல்டா அதைக் கேட்டு அழவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஏப்ரல் இருபத்தேழாம் நாள் சனிக்கிழமை, ஊர்த் தீயணைப்புக் கொட்டகையில் ராம்ப் விருந்து. மலைச்சரிவில் பனி உருகியதும் முளைக்கும் ராம்ப் என்னும் காட்டுப்பூண்டைப் பன்றிக் கொழுப்பில் உருளைக்கிழங்கோடு வதக்கி, பீன்ஸும் சோள ரொட்டியும் சேர்த்து ஊரே உண்ணும். உண்டவர் வாயருகே மூன்று நாள் எவரும் நெருங்க இயலாது. எல்லாரும் உண்டிருப்பதால் எவருக்கும் அது குறையாகப் பட்டதுமில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள் அவ்விருந்தின் பீன்ஸ் அண்டாவுக்குப் பொறுப்பாக இருந்தவர் நெல்டா. இவ்வாண்டு அடுப்பருகே ஒரு நாற்காலியில் இரண்டு மணி நேரம் நிமிர்ந்து அமர்ந்திருந்தால் போதும் என்று அவர் எண்ணினார்.

“கிளற வேணாம், தூக்க வேணாம். கிளறுறவளுங்களைத் திட்டிக்கிட்டு உக்காந்திருந்தா போதும்” என்றார் நெல்டா.

“அதுக்கு உனக்கு மருந்து எதுக்கு? படுத்துக்கிட்டே நல்லாத்தானே திட்டுற” என்றார் டெல்பர்ட்.

மலைக்கு அப்பால் நாற்பது மைல் தொலைவில் இருந்தது டாக்டர் ஸ்டம்போவின் வலி மருத்துவகம். மருந்து தொடங்குமுன் நோயாளி வாரியத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்பது விதி. ஒப்பந்தம் முப்பத்தொரு பக்கம். மருந்தை விற்கமாட்டேன், இரவல் தரமாட்டேன், நாய்க்குக் கொடுக்கமாட்டேன் என்று நெல்டா ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டார். பத்தொன்பதாம் விதியில் டெல்பர்ட்டும் கையெழுத்திட்டார்: மாத்திரைகளின் எண்ணிக்கை குறைந்தால், அவற்றைப் பெற்றுச் சென்றவரே விற்றவராகக் கருதப்பட்டுக் காவல்துறையிடம் ஒப்படைக்கப்படுவார்.

அடுத்து, தீய நண்பர்கள் போதைக்கு அழைத்தால் மறுப்பது எப்படி என்னும் படத்தை நெல்டாவுக்குப் போட்டுக் காட்டினார்கள். அதற்கும் அடுத்து சிறுநீர்ச் சோதனை. எழுபத்தொரு வயதுப் பெண்மணியைச் செவிலி டானெட் அக்குளில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டு, விதிப்படி, கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். டானெட் ஞாயிற்றுப் பள்ளியில் நெல்டாவிடம் விவிலியக் கதை கேட்டு வளர்ந்தவள். ஊர்ப் பெரியவர்களை மாமா என்றும் அத்தை என்றும் அழைப்பவள்.

“அத்தை, கோவிச்சுக்காதீங்க. நான் கண்ணை எடுத்தா ரெண்டு பேரும் மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்.”

“பாத்துக்கோடி. நோவா குடிச்சுட்டு அம்மணமாக் கெடந்தப்போ புள்ளைங்க முகத்தைத் திருப்பிக்கிட்டு வந்து போர்த்தினாங்கன்னு உனக்கு நான்தான் சொல்லிக்குடுத்தேன். அவனுங்களுக்கு வாரியம் இல்லை, பாவம்.”

முதல் சிறுநீர் ஏற்கப்படவில்லை. வெளிவர நெடுநேரம் ஆனதால் கோப்பையில் உரிய சூடு இல்லை. எனவே வேறொருவருடையதாக இருக்கலாம் என்று கோப்பையின்மேல் ஒட்டியிருந்த சூடுகாட்டும் பட்டை ஐயுற்றது.

பின்னர் வலியை அளந்தார்கள். சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகத்தில் முடியும் ஆறு முகங்கள் கொண்ட அட்டையை டானெட் நீட்டினாள். நெல்டா கடைசி முகத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

“இது நம்ம பாதிரியாரு. மழை நாள்ல ஆள் வராட்டி இப்படித்தான் இருப்பாரு.”

“அத்தை, உங்க வலி எது?”

“தேவலை.”

எத்தகைய நிலையில் இருந்தாலும், நலமா என்று வினவியவரிடம் தேவலை என்று கூறுவதே அம்மலைகளின் நாகரிகம். சுரங்கம் இடிந்து இரண்டு நாள் கழித்து வெளியே இழுக்கப்பட்ட டெல்பர்ட்டின் தந்தையும் அதைத்தான் கூறினார். கணினியில் அந்நாகரிகத்துக்குக் கட்டம் இல்லாமையால் டானெட் தானாகவே பத்துக்கு எட்டு என்று பதிந்தாள். சிகிச்சையின் குறிக்கோள் என்ன என்று கணினி அடுத்து வினவியது. ‘வேலைக்குத் திரும்புதல்’, ‘உடற்பயிற்சி’, ‘பொழுதுபோக்கு’ என மூன்றே விடைகள் இருந்தன. ராம்ப் விருந்தை மூன்றாவதில் சேர்த்தார்கள். டாக்டர் ஸ்டம்போ நாளொன்றுக்கு நான்காக, ஏப்ரல் முதல் நாள் நண்பகல் தொடங்கி, நூற்றுப் பன்னிரண்டு மாத்திரைகளுக்கு எழுதிக் கொடுத்தார்.

மாத்திரை வேலை செய்தது. இரண்டாம் நாளே நெல்டா தலையணைகளைச் சாய்த்து எழுந்து அமர்ந்தார். ஆனால் அவருக்கு இரண்டு பழக்கங்கள் இருந்தன. டேரலின் சாவுக்குப் பின் அம்மாத்திரையை அஞ்சினார் என்பது ஒன்று. எதையும் முழுதாகத் தீர்த்துவிடாமல் பின்னாளுக்கு எடுத்துவைப்பார் என்பது மற்றொன்று. நிலக்கரிக் குடியிருப்பில் பிறந்த பெண்கள் கோடையின் தக்காளியையும் பீன்ஸையும் கண்ணாடிச் சாடிகளில் அடைத்துப் பனிக்காலத்துக்குச் சேமிப்பார்கள். சாடி காலியாக இருந்தால் அவர்களுக்குக் கை ஓயாது. முதல் நாளிலிருந்தே நெல்டா நண்பகல் மாத்திரையையும் மாலை மாத்திரையையும் காய் நறுக்கும் கத்தியால் இரண்டாக்கி, ஆளுக்கொரு பாதி என்பதுபோல ஒரு பாதியைத் தாம் விழுங்கி, மறுபாதியை ஊறுகாய்ச் சாடியில் போட்டுவந்தார். சாடியின்மேல் வழக்கம்போல் சீட்டு ஒட்டி எழுதினார்: ‘ராம்ப் விருந்து, ஏப்ரல் 27.’

“அன்னிக்கு ஒருநாள் கூடப் போட்டுக்கிட்டு ரெண்டு மணி நேரம் ராணி மாதிரி உக்காருவேன்” என்றார்.

பதினொன்றாம் நாள் வியாழக்கிழமை நண்பகலில் தொலைபேசி ஒலித்தது. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் வீட்டில் உள்ள அனைத்து மாத்திரைகளையும் எண்ணிக்கைக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு பதிவுக்குரல் பணித்தது. யாரை, எப்போது அழைப்பது என்பதைக் கணினி குலுக்கிப் போட்டு முடிவு செய்யும். முன்னறிந்தால் மக்கள் நேர்மையாகிவிடுவார்கள் என்பது வாரியத்தின் அச்சம்.

வெள்ளிக்கிழமை காலை டெல்பர்ட் சவரம் செய்து, கோயிலுக்கு அணியும் மேலங்கியை அணிந்து, மலை கடந்து சென்றார். டானெட் மாத்திரைகளை நீலத் தட்டில் கொட்டி, தட்டையான கரண்டியால் ஐந்தைந்தாக ஒதுக்கினாள். பதினொரு நாளைக்கு நாற்பத்து நான்கு போக அறுபத்தெட்டு இருக்க வேண்டும். அறுபத்தெட்டு இருந்தது.

“கச்சிதம் மாமா. ஒண்ணு கூடலை, ஒண்ணு குறையலை. நீங்க கிளம்பலாம்.”

டெல்பர்ட் பெருமையோடு மேலங்கிப் பையிலிருந்து ஊறுகாய்ச் சாடியை எடுத்து மேசைமேல் வைத்தார். “இதையும் எண்ணிடு கண்ணு.”

டானெட்டின் முகம் வெளுத்தது. அவள் குரலைத் தாழ்த்தினாள். “இதை எதுக்கு மாமா எடுத்துட்டு வந்தீங்க?”

“வீட்ல இருக்கற எல்லாத்தையும்னு சொன்னாங்களே.”

“உள்ள வைங்க. நான் பாக்கலை.”

“என்ன சொல்ற?”

“நான் பாக்கலைன்னு சொன்னேன்.”

பாதிச் செவிடரான டெல்பர்ட் சுரங்கத்தில் பேசும் குரலில் உரைத்தார்: “பாக்கலைன்னா எப்படி? கிட்ட வந்து பாரு, இருபத்திரண்டு அரை இருக்கு!”

உள்ளறைக் கதவு திறந்தது. டாக்டர் ஸ்டம்போ வந்தார். இருபத்திரண்டு அரைகளும் தட்டில் கொட்டப்பட்டன. அரை மாத்திரை என்பது ஒரு மாத்திரையா, மாத்திரையின் சிதைவா என்று விதிநூலில் இல்லை. எண்ணும் பொறியில் இட்டபோது, அது பாகுபாடு பாராமல் மொத்தம் தொண்ணூறு என்றது. டாக்டர் தாளில் எழுதிக் கூட்டி எழுபத்தொன்பது என்றார். வாரியத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார்கள். வாரியம் அரை மணி நேரம் இசை கேட்கச் செய்தபின், இரண்டு எண்களில் எது நோயாளிக்குப் பாதகமோ அதையே கொள்க என்றது.

“டெல்பர்ட், கொஞ்சம் உக்காருங்க. குறைஞ்சா வித்துட்டாங்கன்னு அர்த்தம். கூடினா பதுக்கல்னு அர்த்தம்” என்றார் டாக்டர்.

“பதுக்கலா? சீட்டு ஒட்டித் தேதி போட்டு வெச்சிருக்கா டாக்டரே. பதுக்கறவன் பேரெழுதி ஒட்டுவானா?”

“தேவைக்கு மேல எழுதிக்குடுத்தேன்னு ஆயிடும். நாலு வேணாம், மூணே போதும்னு அவங்களே நிரூபிச்சுட்டாங்க. விதிமீறலுக்கு அதுல ஒண்ணு கழியும். இனிமே நாளைக்கு ரெண்டு. புட்டி எங்க பெட்டகத்துல இருக்கும். வெள்ளிக்கு வெள்ளி வந்து பதினாலு வாங்கிக்கலாம்.”

“அவ வலி குறையலை டாக்டரே. பொறுத்துக்கிட்டு எடுத்து வெச்சா.”

டாக்டர் ஸ்டம்போ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் உங்க மனைவியை நம்பறேன். கணினி நம்பலை. கணினியை நான் நம்பலைன்னா வாரியம் என்னை நம்பாது. எனக்கு ரெண்டு பொண்ணுங்க காலேஜ்ல படிக்குது.”

மிகுந்துபோன மாத்திரைகளை அருவருக்கத்தக்க பொருளோடு கலந்து அழிக்க வேண்டும் என்பது விதி. அருவருக்கத்தக்க பொருளாக அங்கே ஊழியர்கள் குடித்து வடித்த காப்பிச் சக்கை ஒரு வாளியில் பூஞ்சை பிடித்துக்கிடந்தது. நெல்டா காய்க்கத்தியால் பிளந்த இருபத்திரண்டு அரைகளையும் டானெட் அதில் கொட்டி, மரக்குச்சியால் கிளறினாள். ‘அழிக்கப்பட்ட பொருள், எண்ணிக்கை, மிச்சம், சாட்சி’ என்னும் படிவத்தை நீட்டினாள். சட்டத்தை மதிப்பவரான டெல்பர்ட் சாட்சிக் கையெழுத்திட்டார். காலிச் சாடியைத் திருப்பிக் கேட்டார். அது சான்றுப் பொருள் என்று வைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் நடந்ததை உரைத்தபோது நெல்டா அவரைத் திட்டவில்லை. அதுவே அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல.”

“எல்லாத்தையும்னு சொன்னாங்க நெல்டா.”

“சொல்வாங்க. என்னை உனக்குக் கல்யாணம் பண்ணிக் குடுக்கறப்போ எங்கப்பாவும்தான் ஆளு சூட்டிகையான பையன்னு சொன்னாரு.”

சாகப்போகும் நோயாளிகளுக்கு இவ்விதிகளிலிருந்து விலக்கு உண்டு என்றும், அதற்கான பதினோராம் படிவம் வாரியத்தில் நேரில் மட்டுமே கிடைக்கும் என்றும் டானெட் ரகசியமாகத் தொலைபேசியில் கூறினாள். பதினேழாம் நாள், தலைநகரத்து ஹோட்டல் ஒன்றின் கூட்ட அறையில் வாரியம் கூடியது. நெல்டாவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டாரை அமர்த்திவிட்டு, டெல்பர்ட் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிச் சென்று கடைசி வரிசையில் அமர்ந்தார். மேடையில் தலைவர் டாக்டர் ராட்கிளிஃப் நின்றார். அவர் பின்னால் திரையில் ஒரு கோடு மேலிருந்து கீழே சரிந்து இறங்கியது.

டெல்பர்ட்டுக்கு அந்த முகம் பழக்கமானதாகத் தோன்றியது. சற்று நேரத்தில் நினைவு வந்தது. பதினேழு ஆண்டுகளுக்கு முன் சுரங்கத் தொழிலாளர் சங்கக் கூடத்தில் இதே மனிதர், இதே போன்ற திரையில், இதே கோடு கீழிருந்து மேலே ஏறுவதைக் காட்டி, வலி என்று ஒருவன் கூறினால் அது வலிதான், தயங்காமல் மாத்திரை கேட்டு வாங்குங்கள் என்று முழங்கியிருந்தார். அன்று எல்லாருக்கும் வறுத்த கோழியும் கொடுத்தார்கள். டேரல் இரண்டு துண்டு உண்டான்.

தலைவர் அதை மறைக்கவில்லை.

“நண்பர்களே, அந்தக் காலத்துல மாநிலம் பூராவும் சுத்தி, மாத்திரைக்குப் பயப்படாதீங்கன்னு டாக்டர்களுக்குத் தைரியம் சொன்னவன் நான். அதுக்காக எனக்கு ஒரு கேடயம் குடுத்தாங்க. அப்புறம், பயப்படணும்னு முதல்ல கண்டுபிடிச்சதும் நான்தான். அதுக்கும் ஒரு கேடயம் குடுத்தாங்க. ரெண்டு பக்கமும் அனுபவம் உள்ள ஆளு வேணும்னுதான் கவர்னர் என்னை இங்க உக்கார வெச்சிருக்காரு. சிலபேரு கேக்கறாங்க, உங்க விதிகளால வலி கூடியிருக்கா குறைஞ்சிருக்கான்னு. நேர்மையாச் சொல்றேன், எங்களுக்குத் தெரியாது. நாங்க வலியை எண்ணறதில்லை. மாத்திரையை எண்ணறோம். மாத்திரை குறைஞ்சிருக்கு. பாருங்க, எவ்வளவு அழகான கோடு!”

கைதட்டல் எழுந்தது. கேள்வி நேரத்தில் டெல்பர்ட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“ஐயா, என் பொண்டாட்டிக்கு எலும்புல புத்து. விலக்குப் படிவம் வேணும்.”

உதவியாளர் ஒருவர் கணினித் தாள் ஒன்றைத் தலைவரிடம் நீட்டினார். தலைவர் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“சிகிச்சையின் குறிக்கோள், பொழுதுபோக்கு. பெரியவரே, பொழுதுபோக்குக்காக இந்த மருந்தா? இதைத்தானே நாங்க ஒழிக்கணும்னு நிக்கறோம்?”

“அது ராம்ப் விருந்துங்க. நாற்காலியில உக்காரணும்னு கேக்கறா.”

“உக்காந்து?”

“பீன்ஸ் வேகறதைப் பாக்கணுமாம்.”

அவையில் சிலர் சிரித்தார்கள். தலைவர் கருணையோடு ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். அதில் ஏழாவது வினா: ‘நோயாளி இறக்கும் தேதி.’

“இது எனக்கு எப்படிங்க தெரியும்?”

“தேதி இல்லாம விலக்குத் தர முடியாது. சாகப்போறேன்னு சொல்லி மருந்தை வாங்கிட்டு உயிரோட இருந்துட்டா அது மோசடி இல்லையா? தோராயமாவும் எழுதக் கூடாது. போன வருஷம் ஒருத்தர் ஜூன்னு மட்டும் எழுதினாரு. ஆகஸ்ட் வரைக்கும் இழுத்துட்டாரு. எங்களுக்கு எவ்வளவு தர்மசங்கடம் தெரியுமா? விளக்கம் கேட்டு மூணு கடிதம் போட்டோம்.”

“என்ன சொன்னாரு?”

“பதிலே இல்லை. மக்கள் ஒத்துழைப்பு அந்த லட்சணத்துல இருக்கு.”

டெல்பர்ட் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார். நெல்டா அப்போது ஒருக்களித்துப் படுத்திருந்தார். இரண்டு மாத்திரைகளுக்கு இடையேயுள்ள நீண்ட நேரத்தில் அவர் பேசுவதைக் குறைத்திருந்தார். டெல்பர்ட் ஆறாம் வினாவரை படித்துக் காட்டிவிட்டுத் தாளை மடித்தார். நெல்டாவே பிடுங்கிப் படித்தார். நெடுநாளுக்குப் பின் அவர் சிரித்தார். சிரித்ததில் இடுப்பு வலித்து முகம் கோணியது.

“சனிக்கிழமை விருந்து. ஞாயித்துக்கிழமை கோயிலு. எல்லாரும் ராம்ப் நாத்தத்தோட பாட்டுப் பாடுறதைக் கேக்காம போக மாட்டேன். திங்கட்கிழமை துணி துவைக்கணும், அது எனக்குப் பிடிக்காது. திங்கள்னு எழுது.”

“நெல்டா…”

“இருபத்தொன்பது. எழுதுய்யா. நான் சொன்ன தேதிக்கு என்னிக்காவது தப்பியிருக்கேனா? நீதான் கல்யாணத்துக்கே ஒரு மணி நேரம் லேட்டு.”

டெல்பர்ட் எழுதினார். பேனா இருமுறை தாளைக் கிழித்தது. மறுநாளே அஞ்சலில் அனுப்பினார்.

விடை வரவில்லை. இருபத்தாறாம் நாள் வெள்ளிக்கிழமை அவர் வழக்கம்போல் பதினான்கு மாத்திரைகளைப் பெற்று வந்தார். சனிக்கிழமை காலையில் நெல்டாவுக்குக் கோயிலுக்கு அணியும் நீலச் சட்டையைத் தலைவழியே மாட்டினார். கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கி அமர்த்தினார். நெல்டா ஓர் ஒலியும் எழுப்பவில்லை. ஆனால் அவர் பிடித்திருந்த டெல்பர்ட்டின் முன்கையில் நான்கு நகங்களும் இறங்கின. சிறிது நேரத்தில் மீண்டும் கட்டிலில் கிடத்த வேண்டியதாயிற்று.

டெல்பர்ட் மேசைமேல் இருந்த புட்டியை எடுத்துத் திறந்தார். “இதுல பதினொண்ணு இருக்கு. மூணு போட்டுக்கோ. நாலு போட்டுக்கோ. இன்னிக்கு ஒருநாள்.”

“எண்ணுவாங்க.”

“எண்ணட்டும்.”

“திங்கட்கிழமை கூப்பிட்டான்னா? குறைஞ்சா நீ வித்தேன்னு ஆயிடும். பத்தொன்பதாவதுல கையெழுத்துப் போட்டிருக்க. நான் போனப்புறம் நீ ஜெயில்ல உக்காந்திருப்ப. அங்க உனக்கு யாரு பீன்ஸ் வெப்பா?”

“நான் போறேன் ஜெயிலுக்கு. போட்டுக்கோ.”

“மூடி வை டெல்பர்ட்.”

அவர் மூடவில்லை. நெல்டா கையை நீட்டினார்; எட்டவில்லை. அதற்குமேல் அவரைத் தவிக்க வைக்க மனமின்றி டெல்பர்ட்டே மூடினார். புட்டி மேசைமேல், நெல்டாவின் தலையிலிருந்து ஒரு முழத் தொலைவில் இருந்தது. பதினொரு மாத்திரைகளும் அதனுள் பத்திரமாக இருந்தன. பகல் முழுதும் அது அங்கேயே இருந்தது. நெல்டா பாத்திரம் துடைக்கும் துணியை மடித்துப் பற்களுக்கிடையே வைத்துக்கொண்டார்.

தீயணைப்புக் கொட்டகை மூன்று வீடு தள்ளி இருந்தது. சன்னலைத் திறக்குமாறு நெல்டா சைகை காட்டினார். ராம்ப் மணமும் தட்டுகளின் ஓசையும் அறைக்குள் வந்தன. டெல்பர்ட் சென்று ஒரு தட்டு நிறைய வாங்கி வந்து அவர் முகத்தருகே பிடித்தார். நெல்டா துணியை வாயிலிருந்து எடுத்தார்.

“பீன்ஸ் அடி பிடிச்சிருக்கு. தின்னு பாக்கவே வேணாம். யாரு பாத்தது?”

“லூரீன்.”

“நினைச்சேன்” என்று கூறி, துணியை மீண்டும் கடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை கழிந்தது. வாழ்நாளில் முதன்முறையாக நெல்டா குறித்த தேதியைத் தவறவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குரிய மாத்திரையை விழுங்கி, பத்து மணி பத்து நிமிடத்துக்கு இறந்தார். அவரை வியாழக்கிழமை டேரலுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். கல்லறையிலிருந்து திரும்பிய டெல்பர்ட்டுக்கு அஞ்சற்பெட்டியில் வாரியத்தின் கடிதம் காத்திருந்தது. நெல்டாவுக்கு வரம்பற்ற மருந்து வழங்க வாரியம் மகிழ்ச்சியோடு ஒப்புதல் அளித்திருந்தது. மனுவில் குறித்த தேதி இன்றே ஆதலின் இவ்விலக்கு இன்று மாலை ஐந்து மணியோடு காலாவதியாகும் என்றும் அதில் இருந்தது. கடிதத்தின் தேதி ஏப்ரல் இருபத்தொன்பது.

அவர் மேலங்கியைக் கழற்றுமுன் தொலைபேசி ஒலித்தது. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் வீட்டில் உள்ள அனைத்து மாத்திரைகளையும் எண்ணிக்கைக்குக் கொண்டுவர வேண்டும் என்று பதிவுக்குரல் பணித்தது.

வெள்ளிக்கிழமை டெல்பர்ட் சென்றார். சவரம் செய்துகொள்ளவில்லை. டானெட் எழுந்து வந்து அவர் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பின்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நீலத் தட்டை எடுத்தாள். எண்ணாவிட்டால் அவர்மேல் வழக்குப் பாயும்.

“செத்த நேரம் என்ன மாமா?”

“பத்து பத்து.”

“அப்போ காலை மாத்திரை கணக்குல வரும். ஒன்பது போயிருக்கணும். அஞ்சு இருக்கணும்.” அவள் கரண்டியால் ஒதுக்க வேண்டியிருக்கவில்லை. தட்டில் இருந்தது ஒரே ஓர் ஐந்து. “அஞ்சு இருக்கு மாமா. எண்ணிக்கை சரி.”

ஐந்து மாத்திரைகளும் காப்பிச் சக்கை வாளிக்குள் சென்றன. டெல்பர்ட் சாட்சிக் கையெழுத்திட்டார். கணினி இறுதியாக, நோயாளியின் இன்றைய வலி எத்தனை என்று வினவியது. விடையளிக்காமல் கோப்பை மூட அது இசையவில்லை. டானெட் அட்டையை எடுக்கவில்லை. டெல்பர்ட்டின் முகத்தையும் பார்க்கவில்லை. பூச்சியம் என்று பதிந்தாள்.

உடனே மூலையில் இருந்த அச்சுப்பொறி விழித்துக்கொண்டு ஒரு தாளைத் துப்பியது. டாக்டர் ஸ்டம்போ அதை எடுத்துப் படித்தார். அவர் முகத்தில், பல நாள் கழித்து நல்ல செய்தி கேட்டவரின் நிம்மதி தெரிந்தது.

“டெல்பர்ட், என் ஆழ்ந்த அனுதாபம். ஆனா ஒண்ணு சொல்லணும். நாலுலேருந்து ரெண்டு, ரெண்டுலேருந்து பூச்சியம். வலி எட்டுலேருந்து பூச்சியம். எண்ணிக்கையும் கச்சிதம். இந்த மாவட்டத்துலயே முழு வெற்றி பெற்ற முதல் நோயாளி உங்க மனைவிதான். தலைவரே கையெழுத்துப் போட்ட சான்றிதழ். இதை நீங்க சட்டம் போட்டு மாட்டிக்கலாம்.”

தங்க நிற ஓரமிட்ட அத்தாளை டெல்பர்ட் இரு கைகளாலும் வாங்கினார். ‘முன்மாதிரி நோயாளி நெல்டா கின்கேட்’ என்று அதில் இருந்தது. கீழே டாக்டர் ராட்கிளிஃபின் கையெழுத்து, அந்த அழகான கோட்டைப்போலவே, சரிந்து இறங்கியது. டெல்பர்ட் அதை நிதானமாக ஒருமுறை படித்தார். பின்னர் நான்காகக் கிழித்தார், நான்கையும் எட்டாக்கினார். துண்டுகளை வாளியில் இட்டு, மரக்குச்சியை எடுத்து, பீன்ஸ் அண்டாவை அடிபிடிக்காமல் கிளறுவதுபோல அடியிலிருந்து மேலாகக் கிளறினார். தங்க ஓரங்கள் ஒவ்வொன்றாகச் சக்கைக்குள் அமிழ்ந்தன.

“டெல்பர்ட், அது அரசாங்க ஆவணம்!” என்றார் டாக்டர் ஸ்டம்போ.

“தெரியும் டாக்டரே. அதான் முறைப்படி செய்யறேன்.” அவர் மேசையிலிருந்து புதிய அழிப்புப் படிவம் ஒன்றை உருவி, சுரங்கத்துக் கரி இன்னும் போகாத விரல்களால் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி, டானெட்டின் முன் தள்ளினார். “சாட்சி வேணும்ல? போடு கண்ணு.”

டானெட் டாக்டரைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். பின் பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டாள்.

விதிப்படி நிரப்பப்பட்ட அப்படிவம் அன்று மாலையே வாரியத்துக்கு அனுப்பப்பட்டது. அழிக்கப்பட்ட பொருள்: சான்றிதழ். எண்ணிக்கை: ஒன்று. மிச்சம்: இல்லை.